கை காட்டினால் நிற்க வேண்டிய பஸ்

பதினாறு வருஷம் பெருநகரத்தில் பஸ் ஓட்டியவருக்குப் பிறந்த ஊரில் பஸ் ஓட்டத் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் நடந்தது. முதல் நாளே கண்டக்டரம்மா முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"என்னண்ணே, வீட்டு வாசல்ல நின்னு கை காட்டறாங்க, நீங்க பாட்டுக்குப் போறீங்க?"

"ஸ்டாப் அங்க இருக்கே."

"ஸ்டாப் அங்க இருக்கு. ஆளு இங்க இல்ல இருக்காங்க?"

அவர் பழகிய ஊரில் ஸ்டாப்பில் வரிசையாக நிற்பார்கள். ஓடி வருகிறவருக்குக்கூடக் கதவைத் திறக்கக் கூடாது. இங்கே ஒருத்தி அடுப்பை அணைத்துவிட்டு வரும்வரை பஸ் காத்திருக்க வேண்டுமாம். சின்ன வயதில் தானும் இப்படித்தான் ஏறியவர் என்பதை மனிதர் சுத்தமாக மறந்திருந்தார். ஒரே வாரத்தில் 'ஸ்டாப்புக்காரர்' என்று பட்டப்பெயர் விழுந்தது. பெயர் வைப்பதில் மட்டும் இந்த ஊர் யாரையும் காக்க வைப்பதில்லை.

அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது வீட்டில் நடந்ததுதான். நகரத்திலேயே பிறந்து வளர்ந்த பதினைந்து வயது மகள், வந்த அன்றே சொல்லிவிட்டாள். "ஒரு மாசம் பாக்கறேன்பா. பிடிக்கலேன்னா சித்தி வீட்டுக்கே போயிடறேன். அங்கயே படிச்சுக்கறேன்." நகரத்தில் இருந்த சித்தியும் போனில் சரி சொல்லிவிட்டாள்.

அவளுக்கு எதுவும் பிடிக்கவில்லை. கடைக்காரர் "நீ யார் பொண்ணு?" என்று கேட்டது பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தது பிடிக்கவில்லை. தினமும் காலையில் அவ்வளவு தூரம் நடந்துபோய், ஸ்டாப் பலகைக்கு அடியில் தனியாளாக நின்று, அப்பாவின் பஸ்ஸில் ஏறி, யாரோடும் பேசாமல் பள்ளிக்கூடம் போனாள். "விடுங்க, ஒட்டிக்குவா" என்றாள் மனைவி. அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் ஊர் என்று பறந்து வந்து பெற்ற பெண்ணைத் தொலைக்கப் போகிறோமே என்று பயமாக இருந்தது.

மாசம் முடிகிற நாளும் வந்தது. இதற்குள் அவரும் வழிக்கு வந்திருந்தார். யார் கை தூக்கினாலும் கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று. அன்று காலை, ஸ்டாப்புக்கு வெகு முன்னால், தெரு முனையில் நாலைந்து பள்ளிப் பெண்கள் சிரித்துக்கொண்டே கை காட்டினார்கள். எல்லாரையும்விட உயரமாகக் கையைத் தூக்கி நின்றவள் அவர் மகள்.

பஸ் குலுங்கி நின்றது. "அண்ணே, எங்களை முழுசா கொண்டுபோய்ச் சேருங்க" என்றாள் கண்டக்டரம்மா, கம்பியைப் பிடித்தபடி.

மகள் ஏறி டிரைவர் சீட்டுக்கு அருகில் வந்தாள். "என்னம்மா, இங்க நிக்கற?" என்றார்.

"அவ்வளவு தூரம் யாருப்பா நடக்கறது? நாளையிலேர்ந்து நாங்க எல்லாரும் இங்கதான் நிப்போம். பாத்து நிறுத்துங்க."

"நாளையிலேர்ந்தா?"

"ஆமாப்பா" என்று சொல்லிவிட்டு அவள் தோழிகளோடு பின் சீட்டுக்குப் போய்விட்டாள். அப்பாடா என்று அவர் விட்ட மூச்சு கண்டக்டரம்மாவுக்கே கேட்டது.