மமெர்த்தோ பிடித்த மூங்கில்

மமெர்த்தோ ஆடி யாரும் பார்த்ததில்லை. அவனுடைய அப்பா தினிக்லிங் ஆட்டத்துக்கு மூங்கில் பிடித்தவர், பெரியப்பாவும் அப்படியே. இவனும் மீசை முளைக்கும் முன்பே எங்கள் லெய்ட்டே தீவுக் கடலோர ஊரின் மாதா கோயில் முற்றத்தில் குந்திவிட்டான். இந்த முனையில் இவன், அந்த முனையில் சித்தப்பா மகன் லூபோ. மூங்கில் இரண்டையும் கட்டையில் இரண்டு தட்டு, பிறகு ஒன்றோடொன்று ஒரு மோதல். கண்ணிக்குத் தப்பும் டிக்லிங் பறவை போல, ஆடுகிறவர்கள் அந்த இடுக்கில் கால் வைத்து எடுக்க வேண்டும்.

ஆட வரும் ஒலிம்பியாவின் முகத்தைவிடப் பாதங்கள்தான் அவனுக்குப் பழக்கம். இடது சுண்டுவிரல் சற்று மடங்கியிருக்கும். அவளுக்கு ஜோடி, கப்பல்காரன் வெனான்சியோ.

ஒரு திருவிழாவில், தாளம் வேகமாக ஓட வேண்டிய கடைசிச் சுற்று. அவளுக்கு மூச்சு வாங்கியது. அடிபட்டுவிடுமோ என்று பயந்த மமெர்த்தோ கையைச் சற்றே தாமதித்தான். அவளோ பழைய தாளத்திலேயே கால் வைத்தாள். பிந்தி வந்த மூங்கில் கணுக்காலைக் கவ்விவிட்டது.

வெனான்சியோ அவளைத் தூக்கிக்கொண்டு போனான். மறு வருடமே கட்டிக்கொண்டு செபு தீவுக்கும் கூட்டிப்போய்விட்டான். தான் கவனமில்லாமல் அடித்ததாக நினைத்தே போயிருப்பாள் என்பது மமெர்த்தோவை அரித்துக்கொண்டே இருந்தது. அத்தை காட்டிய பெண்களில் ஒருத்தியையும் அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தலை நரைத்தபின், கணவனை இழந்தவளாய், ஒலிம்பியா திருவிழாவுக்கு வந்தாள். பூசை முடிந்து கள்ளுக்குடம் சுற்றிவந்த நேரம்.

"என்ன மெர்த்தோ, இன்னும் தரையிலதானா? ஒரு நாற்காலிகூடவா கெடைக்கல?" என்றாள்.

"எழுப்பிப் பாரு, இவன் முட்டிச் சத்தத்துல கிட்டாரே நின்னுபோகும்" என்றான் லூபோ.

அவள் செருப்பைக் கழற்றினாள். அதே மடங்கிய விரல். கணுக்காலில் வெள்ளைத் தழும்பு.

"ஒலிம்பியா, அன்னைக்கு நான் பராக்கு பாத்து அடிக்கல..."

"தெரியும்டா. என்னைக்கும் தப்பாத கை அன்னைக்கு மட்டும் ஏன் தயங்குச்சுன்னு படுத்துக்கிடந்தப்பவே புரிஞ்சுபோச்சு. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லுவேன்னு வீட்டு ஏணிப்படியையே பாத்துக்கிட்டிருந்தேன். ஏறி வந்தது வெனான்சியோ."

அவள் மூங்கில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சரி, அடி. இந்தத் தடவ தயங்காதே."

ஒற்றையாகவே ஆடினாள். எதிர்ப்பக்கம் ஜோடியின் இடம் காலியாகக் கிடந்தது. மூங்கிலைக் கீழே வைத்தால் மமெர்த்தோ அங்கே போய் நின்றிருக்கலாம். வைத்தால் தாளம் நின்றுபோகும். கடைசிச் சுற்றில் அவள் கால்கள் தளர்ந்தன. ஆனாலும் அவன் கை தயங்கவில்லை. அவள் காயமில்லாமல், சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

மறுநாள் செபு கப்பலின் மேல்தட்டில் நின்று கையசைத்தாள்.

"கூப்பிடேன்டா, இறங்கி வந்துருவா" என்றான் லூபோ.

"கப்பல் சத்தத்துல கேக்காதுடா."

கப்பல் இன்னும் சங்கு ஊதவேயில்லை. மமெர்த்தோவின் விரல்கள் மட்டும் தொடையில் தட்டிக்கொண்டிருந்தன, இரண்டு தட்டு, ஒரு மோதல்.