இரண்டு மாநிலம், ஒரு சீட்

எல்லையில் குடியிருப்பவனுக்கு இரண்டு கதவு என்று நம்பிய முட்டாள் நான். வீடு ஜவளகிரிப் பக்கம், தமிழ்நாட்டில். மனைவிக்குச் சீதனமாக வந்த ஒரு ஏக்கர் கர்நாடகத்தில். மகளுக்கு வேளாண்மைக் கல்லூரி ஆசை. இங்கே கட் ஆஃப் இடித்தால் அங்கே விவசாயிப் பிள்ளைகளுக்குத் தனி இடம், அதற்கு விதையைப் பார்த்துப் பெயர் சொல்கிற தேர்வு என்று கேள்விப்பட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

முறத்தில் விதைகளைக் கொட்டி நானே தேர்வு அதிகாரியானேன். ராகி, கொள்ளு, ஆமணக்கு என்று மகள் தடுமாறாமல் சொன்னாள்.

"இது?"

"முட்டைக்கோஸ்."

"கடுகு. பெயில்!"

"ஏங்க, அது நாத்து விட வச்சிருந்த கோஸ் விதைதான்" என்றாள் மனைவி. "உங்களுக்குத்தான் சீட்டு இல்ல, எந்திரிங்க."

இங்கே ரேங்க் எட்டவில்லை. கன்னடத்தில் இருந்த நிலப் பத்திரத்தைச் சாமிப் படம்போல நெஞ்சில் அணைத்துக்கொண்டு, விண்ணப்பம் போடுகிற கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பத்திரத்தைத் தொடக்கூட இல்லை.

"பொண்ணு எங்கண்ணா படிச்சுது?"

"தளியில."

"அப்ப முடிஞ்சுது. நிலம் அங்க இருந்தா பத்தாது, பொண்ணும் அங்க படிச்சிருக்கணும்."

முறத்தில் விதை கொட்டுவதற்கு முன் இதைக் கேட்டிருக்கலாம். நம் ஊரில் யார் கேட்கிறோம்?

மிச்சமிருந்தது தனியார் கல்லூரி. கட்டணத்தைக் கேட்டதும் எனக்கு வியர்த்தது. ஃபேனைப் போடச் சொன்னேன், அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த ஏக்கரை விற்றால் சரியாக இருக்கும். அதே படிப்பை முடித்த அக்கா மகனுக்குப் போன் போட்டேன்.

"பூச்சிமருந்து கம்பெனியில டார்கெட்டுக்கு ஓடிட்டு இருக்கேன் மாமா. ராயக்கோட்டை மார்க்கெட்ல என்னைப் பார்த்தாலே விவசாயிங்க டீக்கடைக்குள்ள பூந்துடறாங்க."

நானும் ஒருமுறை அப்படிப் புகுந்தவன்தான். அதை அவனிடம் சொல்லவில்லை.

இருந்தாலும் மகள் ஆசை வீணாகிவிடுமோ என்ற பயத்தில் நிலத்தை வாங்க ஆள் பார்க்க ஆரம்பித்தேன். மகள்தான் நிறுத்தினாள். "நிலத்த வித்து விவசாயம் படிச்சுட்டு, அப்புறம் எங்கப்பா போய் விவசாயம் பண்றது?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஓசூரில் செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் சேர்ந்தாள். விடிகாலையில் கம்பெனி பஸ் வருகிறது. அந்த ஏக்கரில் தக்காளி வைத்தோம். விலை இல்லை; பறிக்காமல் விட்டோம்.