வெள்ளையாய்க் கிடந்த பக்கம்

காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு வரைபடம் வந்தது. வெப்சைட்டை அழகுபடுத்தும் புது முறைகளில் எதை எத்தனை பேர் பிடித்துக்கொண்டார்கள், படத்தையும் எழுத்துருவையும் முந்தி இறக்குவதா பிந்தி இறக்குவதா, எது ஜெயித்தது என்றெல்லாம் ஒப்பீடு. எல்லாக் கோடும் மேலே போகிறது. கோடு மேலே போனால் கைதட்டுகிற ஜென்மங்கள் எங்கும் உண்டு. என் பழைய முதலாளி அந்தக் கூட்டத்துக்கே தலைவர்.

நாகர்கோவிலில் ஒரு பேக்கரியின் மாடியில் அவர் வெப்சைட் கம்பெனி. கீழிருந்து ஏறும் பன் வாசனையில்தான் வெப்சைட்டை அலங்கரிக்கும் சிஎஸ்எஸ் கோடிங் படித்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், இன்றும் கோடிங் என்றால் எனக்குப் பசிக்கும். முதலாளி துபாயிலிருந்து திரும்பியவர். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று யாருக்கும் தெரியாது. "அங்க எல்லாரும் மாறியாச்சு. நாம மட்டும் எதுக்குலே பழசக் கெட்டி அழணும்?" என்பார். வாரம் ஒரு புது முறைக்கு மாறுவோம். எதற்கு என்று கேட்டவன் மக்கு.

நாங்கள் செய்த ஒரே உருப்படியான பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கானது. டாக்டர் வராத நாளில் 'இன்று டாக்டர் இல்லை' என்று ஒரு வரி. மற்ற நாளில் அந்த இடம் காலி. காலியென்றால் டாக்டர் உண்டு. குலசேகரம் மலையடிவாரம்வரை எல்லோருக்கும் இது பழக்கம்.

அந்த வரிக்கும் அலங்கார எழுத்துரு போட்டார் முதலாளி. அன்றைய போன்களில் எழுத்துரு நெட்டிலிருந்து இறங்கி முடியும்வரை எழுத்தே தெரியாது.

"சிக்னல் சரியில்லாத இடத்துல வெள்ளையா நிக்கும் சார்" என்றேன்.

"இங்க டக்குனு வருதுல்லா?" என்று தன் கம்ப்யூட்டரைத் தட்டினார். எழுத்துரு ஃபைல் முழுக்க அதற்குள்ளேயே கிடந்தது. வராமல் எங்கே போகும்?

தாசையன் குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டுகிறவர். அந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்த கண் ஒரு காலையில் வீங்கிச் சிவந்தது. மனைவி ஸ்டெல்லா போனில் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். வரி வரும் இடம் காலி. நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினார்கள். டாக்டர் லீவு. தெரிந்திருந்தால் நேரே திருவனந்தபுரம் போயிருப்பார்கள். பிறகு அங்கே போய்ச் சேரும்போது சாயங்காலம், பிந்திவிட்டது என்றார்களாம்.

சில நாள் கழித்து ஸ்டெல்லா எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். "வெள்ளையால்லா கெடந்துது மக்கா? டாக்டர் உண்டுண்ணுதான கூட்டிட்டு வந்தேன்."

முதலாளி அவர் போனை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது பழைய மாடல்லா. மொதல்ல இத மாத்துங்க."

அன்றைக்குப் போல நான் ஒரு மனிதனை வெறுத்ததில்லை.

இப்போது கம்பெனி இல்லை, பேக்கரியும் இல்லை. அந்த எழுத்துருவை யாரும் சீண்டுவதில்லை. அதைவிட நல்லது வந்துவிட்டதாம். தாசையன் வெட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். மரத்தில் கத்தி எவ்வளவு இறங்குகிறது என்பது ஒற்றைக் கண்ணுக்குப் பிடிபடவில்லையாம்.