அல்சேஷன் வாங்கப் போன அப்பா

வெளியே இடி இடித்தது. மகள் போனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாய்ப் படங்களைப் பார்த்தாள்.

"அம்மா, எங்கட வீட்டுக்கு எந்த நாய் சரிவரும்?"

எனக்கு ஈர நாய்முடியின் மணம் நினைவில் வந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். துறைமுகத்தில் வேலை செய்த அப்பா, "வீட்டுக்கு அல்சேஷன்தான் வேணும், அது ஒண்டுக்கும் பயப்படாது" என்று இரத்மலானைக்குப் போய்க் குட்டி ஒன்றைத் தூக்கிவந்தார். காது நிமிர்ந்து வளர்ந்த டைகர், முதல் இடிக்கே கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது.

"பாவம், தனியப் பயப்படும்" என்று அப்பாவும் உள்ளே ஊர்ந்தார். அம்மா ஒரு தலையணையைக் காலால் உள்ளே தள்ளிவிட்டா. அதுவரை இடிச் சத்தம் கேட்டாலே அப்பா குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வார். ஏனென்று நாங்கள் கேட்டதில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு மழைக்கும் கட்டிலுக்கடியில் அப்பாவின் துறைமுகக் கிறீஸ் மணமும் நாய் மணமும் ஒன்றாகக் கிடந்தன. "நான் இருக்கிறன்தானே" என்ற அப்பாவின் குரல் நடுங்கிக்கொண்டே வரும்.

மறுபடி இடித்தது. பயமில்லை என்று காட்ட மகள் சிரித்தாள்.

"கொஞ்சம் பயந்த நாயாப் பாரம்மா" என்றேன்.