மெட்டு வந்தது, தமிழ் வரவில்லை

ரேடியோ ரிப்பேர் தொழிலில் பாதிப் பெட்டிகளில் கோளாறே இருக்காது. அதை உடையவரிடம் சொல்லிப் புரியவைப்பதுதான் ரிப்பேர். கடை வைத்து அவதிப்பட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் புனேயின் விஷ்ராந்த்வாடியில் எனக்கு ஒரு கடை இருந்தது. சிற்றலையில் தமிழ் தேடும் நம்மவர்கள்தான் முக்கிய வாடிக்கை.

சிக்கிய மெட்டு

சாம்பசிவம் சார் ராணுவக் கிடங்கில் கிளார்க். ஒருநாள் ரேடியோவைத் துண்டில் சுற்றி, காய்ச்சல்காரக் குழந்தையைப் போலத் தூக்கி வந்தார். வெளிநாட்டுத் தமிழ் ஒலிபரப்பு வரும் இடத்தில் பத்து நாளாக ஒரே மணியோசை மெட்டு திரும்பத் திரும்ப வருகிறதாம். உள்ளே ஏதோ சிக்கிக்கொண்டதாம்.

நிகழ்ச்சிக்கு முன் ஐந்து நிமிடம் அந்த மெட்டைப் போடுவார்கள், நாம் முள்ளைச் சரியாக வைத்துக்கொள்ளத்தான் என்றேன். மனிதர் தினமும் நாலாவது நிமிடத்தில் வெறுத்துப்போய் அணைத்திருக்கிறார். பெட்டியைத் திரும்பத் துண்டில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "இன்னும் ஆரம்பிக்கலேன்னா பேசாம இருக்க வேண்டியதுதானே? எதுக்குச் சும்மா கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்?"

துல்லியமாகப் பிடித்தேன்

அதன்பின் சார் அந்த நிலையத்துக்குக் கடிதம் எழுதும் நேயராகிவிட்டார். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு உங்கள் கடிதம் வாசிக்கப்படும் என்று அட்டை வந்தது. வீட்டுப் பெட்டியை நம்பாமல், மனைவி கமலாவையும் அழைத்துக்கொண்டு என் கடைக்கே வந்துவிட்டார். அந்த அம்மாவுக்கு இந்தக் கடிதப் பைத்தியத்தில் மரியாதை கிடையாது. அவரைக் கேட்கவைத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் சாருக்கு.

இரண்டே நிமிடத்தில் மெட்டைப் பிடித்துவிட்டு மார்பை நிமிர்த்தி நின்றேன். மெட்டு முடிந்தது. கணீரென்று சீனமொழி வந்தது. அந்த நிலையத்தார் எல்லா மொழிக்கும் அதே மெட்டைத்தான் போடுவார்கள். எனக்குத் தெரியாததல்ல, பெருமையில் மறந்துபோனேன். பதறித் திருகித் தமிழைப் பிடித்தபோது கடிதப் பகுதி முடிந்து பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சார் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கமலா அம்மாதான் முதலில் எழுந்தார். "விடுங்கண்ணே. இவர் வீட்டுல பேசறதும் எனக்கு இப்படித்தான் கேக்கும்."

மாவு மில் நின்றது

சார் மறுபடி எழுதினார். மறுபடி அட்டை வந்தது. இந்த முறையும் தவறினால் தெருவில் தலைகாட்ட முடியாது என்று தினமும் மாலையில் ஒத்திகை பார்த்தேன். தமிழ் வருகிற இடத்தில் ரேடியோவின் முகப்புக் கண்ணாடிமேல் பேனாவால் கோடே போட்டுவிட்டேன்.

மிச்சமிருந்தது பக்கத்து மாவு மில். அதன் மோட்டார் ஓடினால் ரேடியோவில் கரகரப்புதான் வரும். மில்காரர் தானாஜியிடம் அரைமணி நேரம் கேட்டேன். கோதுமை டப்பாவோடு வரிசை நிற்கும்போதே நிறுத்திவிட்டு, சாருக்கும் கமலா அம்மாவுக்கும் பக்கத்தில் அவரும் வந்து உட்கார்ந்தார். மெட்டு தொடங்கியது. தினமும் இதே பாட்டா, வேறு கேசட் கிடையாதா என்று அவருக்கு நிஜமான கவலை: "அண்ணா, ரோஜ் வஹீ கானா? தூஸ்ரா கேசட் நஹீ ஹை க்யா?"

கடிதம்

தமிழ் வந்தது. சாரின் பெயரும் வந்தது. பிறகு கடிதம். புனேயில் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரே உங்கள் மெட்டில் ஏமாந்து எங்களுக்குச் சீனம் போட்டுக் காட்டினார், ஆகவே தமிழுக்கென்று தனி மெட்டு வேண்டும் என்று எழுதியிருந்தார். என் பெயரையும் கடைப் பெயரையும் அறிவிப்பாளர் அட்சரம் பிசகாமல் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சார் கண்கலங்கி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கமலா அம்மா கணவர் பக்கம் திரும்பினார். "முழுசாக் கேட்டேங்க. ஒரு வார்த்தை விடல."

எத்தனையோ நிலையங்களைப் பிடித்துக் கொடுத்த என் தொழிலில், கரகரப்பே இல்லாமல் கேட்டது என் மானம் போன அந்த ஒரு கடிதம்தான்.