கருவாடு காயவைத்த பொயிலர்

1. கரி விழுந்த தட்டு

பிலோமினா அக்கா ஒரு தட்டுக் கருவாட்டைக் கொண்டுவந்து என் பொயிலர் அறை வாசலில் கொட்டினார். மீன் தெரியவில்லை, கரித்தூள்தான் தெரிந்தது. அவருக்குப் பின்னால் கண்டக்குழிக் கடற்கரையில் கருவாடு போடும் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள்.

"இத நீ தின்னுவியா சேவியர்? தின்னு பாப்பம். நான் இங்கதான் நிக்கிறன்."

எனக்குக் கோபம் வந்தது. என் மேல் வந்திருக்க வேண்டும். அவர் மேல் வந்தது.

நான் பல வருடமாக ஒரு டி.சி. மில்லில் பொயிலருக்குப் பொறுப்பான பாஸ். தேங்காயைத் துருவிக் காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலை. சிரட்டையை எரித்து நீராவி எடுப்போம். அது குழாய் வழியே உலர்த்திகளுக்குப் போகும். வாடைக்காற்று தொடங்கினால் எங்கள் புகை நேரே கடற்கரைக்குத்தான் போகும். அந்தக் காலத்தில்தான் வலையில் மீனும் படும், மணலில் கருவாடும் காயும்.

பத்து நாளில் புகை நிற்காவிட்டால் கேட்டுக்கு முன்னால் குந்துவோம், ஒரு தேங்காய் லொறியும் உள்ளே வராது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதலாளி ஹாஜியார் எனக்குப் பரிந்து பேசுவார் என்று நினைத்தேன்.

"அந்தப் பொம்புளைகள் சொல்றது நியாயம்தானே பாஸ். புகை நிக்காட்டி நானே பொயிலர மூடிருவன். பொறகு உங்களுக்கும் வேலையில்ல, எனக்கும் இல்ல."

2. தப்பு என்னுடையது

மறுநாள் காலை முழுக்க வெளியே நின்று புகைபோக்கியைப் பார்த்தேன். அத்தனை வருடத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. அழுத்தமானியைத்தான் பார்ப்பேன். முள் சரியாக நின்றால் உலகம் சரி.

நெருப்புப் போடும் இரண்டு பேரும் அடுப்பைக் கழுத்துவரை சிரட்டையால் அடைத்து, கதவை மூடிவிட்டு பிளேன் டீ குடிக்கப் போவார்கள். அப்போது நெருப்புக்கு மூச்சு முட்டும். கால் மணி நேரம் கட்டிக் கறுப்பாகப் புகை வரும். கதவை அடிக்கடி திறந்தால் சூடு போய்விடும், ஒரேயடியாக அடையுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த முட்டாள் நான்தான். சிரட்டையும் மழையில் நனைந்து கிடந்தது. அதைப் பற்றியும் நான் யோசித்ததில்லை.

சிரட்டைக்குக் கூரை போட்டோம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போடச் சொன்னேன். டீ குடிக்கவும் விடமாட்டீர்களா என்று இருவரும் முறைத்தார்கள். ஒருவர் மாறி ஒருவர் குடியுங்கள் என்றேன். மொட்டையாகக் கிடந்த நீராவிக் குழாய்களுக்குச் சூடு போகாமல் கண்ணாடிப் பஞ்சு சுற்றினோம். சூட்டைக் கொடுத்து முடித்த நீராவி சுடுதண்ணீராக மாறும். அதை இத்தனை காலமும் மதிலுக்கு வெளியே கழிவுநீர் ஓடும் கானில் விட்டுவிட்டு, பொயிலருக்குக் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தோம். இப்போது அதைத் திருப்பி, பொயிலருக்குத் தண்ணீர் கொடுக்கும் தாங்கிக்கே கொண்டுவந்தேன். பாதிக் காட்டை எரிப்பது போன்ற நெருப்பு இனித் தேவைப்படவில்லை.

ஒன்பதாம் நாள் புகை, சாம்பிராணிப் புகை அளவுக்கு வந்தது. யாரும் கேட்டுக்கு முன்னால் குந்தவில்லை.

3. அக்கா மறுபடியும் வந்தார்

இரண்டு நாள் கழித்து அக்கா தனியாக வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்து சட்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"புகைய நிப்பாட்டச் சொன்னா சுடுதண்ணியையுமா நிப்பாட்டுவாய்? மீன் பெட்டி எல்லாம் அந்தத் தண்ணியிலதான்டா கழுவுறம்."

மதிலுக்கு அந்தப் பக்கம் கானில் இவர்கள் வாளி பிடிப்பது எனக்குத் தெரியவே தெரியாது. அதேநேரம் உள்ளே பம்ப் கல்லை மெல்வதுபோலக் கத்திக்கொண்டிருந்தது. தாங்கியில் தண்ணீர் சூடு கூடினால் பம்ப் அதை இழுக்காது. தண்ணீர் போகாத பொயிலர் வெடிகுண்டு. அதனால் தாங்கியில் குளிர்தண்ணீர் ஊற்றிச் சூட்டைக் குறைத்துக்கொண்டிருந்தேன். மிச்சம் பிடித்த சூட்டை என் கையாலேயே கொன்றுகொண்டிருந்தேன். மதிலுக்கு இந்தப் பக்கம் சூடு கூடிப்போய்த் தவிப்பு. அந்தப் பக்கம் சூடு கேட்டு ஒரு மனுசி. நான் சிரித்துவிட்டேன். தன்னைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நினைத்து அக்கா ஏசிய ஏச்சை அச்சில் போட முடியாது.

4. ஒழுங்கைக்கு அந்தப் பக்கம்

குளிர் நாடுகளில் ஒரே பொயிலரிலிருந்து ஊர் முழுக்க வீடுகளுக்குக் குழாயில் சூடு போகும் என்று எப்போதோ கேள்விப்பட்டிருந்தேன். நமக்கு வீட்டைச் சூடாக்கத் தேவையில்லை. வெயில் போதும், போதாததற்குக் கோபமும் இருக்கிறது. ஆனால் மழை நாளில் கருவாட்டுக்குச் சூடு தேவை.

ஹாஜியாரிடம் சொன்னேன். கருவாட்டு வாசம் தன் தேங்காய்ப்பூவில் ஏறினால் யார் பொறுப்பு என்று கேட்டார். சரியான கேள்வி. அதனால் மதிலை ஒட்டிய சின்னத் தெருவான ஒழுங்கையைத் தாண்டி, காற்று வீசிப்போகும் பக்கம் ஒரு கொட்டில் போட்டோம். கழற்றிப் போட்டிருந்த பழைய உலர்த்தியின் குழாய்ச்சுருளை அதற்குள் வைத்தேன். பின்னால் ஒரு விசிறி. சுடுதண்ணீர் அங்கே போய், சூட்டைக் கொடுத்து, அளவாக ஆறித் தாங்கிக்குத் திரும்பும். பெட்டி கழுவும் பீப்பாய்க்குள்ளும் ஒரு சுருள் விட்டேன். பம்ப் வாயை மூடிக்கொண்டது.

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையிலேயே மழை பிடித்தது. வெள்ளி மில்லுக்கு லீவு. அன்றைக்கென்று மீன் அள்ளிக்கொண்டு பட்டிருந்தது. வெட்டி உப்புப் போட்டதெல்லாம் அழுகிப்போகும் நிலை. பெண்கள் மறுபடியும் கேட்டுக்கு வந்து நின்றார்கள். இந்த முறை பொயிலரை ஓட்டச் சொல்லி. ஹாஜியார் குடையோடு வந்தார்.

"ஹாஜியார், பொயிலர இப்பிடி மூடி வெச்சா நாங்க எப்பிடிப் பிழைக்கிறது?" என்றார் பிலோமினா அக்கா.

ஹாஜியார் என்னைப் பார்த்தார். "நெருப்பப் போடுங்க பாஸ். நான் ஜும்மாவுக்குப் போயிட்டு வாறன்."

அன்று ஒரு தேங்காய்கூட உடைக்காமல், வெறும் உலர்த்திகளுக்குள் நீராவியை விட்டு மில் ஓடியது. வெளியே மழை கொட்டியது. கொட்டிலுக்குள் பெண்கள் தட்டு வைக்க இடம் பிடித்துச் சண்டை போட்டார்கள், பாட்டும் படித்தார்கள். நான் பொயிலர் பக்கத்தில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பொயிலர் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நெருப்பைக் கூட்ட எந்த மடையனாலும் முடியும். கூட்டுவதற்கு முன்னால் வெளியே போய், உங்கள் புகையும் சுடுதண்ணீரும் யார் வாசலுக்குப் போகின்றன என்று பாருங்கள். அந்த வாசலில் இருப்பவரோடு ஒருநாளாவது கதையுங்கள். ஏச்சு விழும். விழட்டும்.