டிகிரி மேரியின் கடல்

செம்பட்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பால் சொசைட்டியில் பால் சோதிக்கிற வேலை ஜெயமேரிக்கு. கேன்கள் வரிசையாக வர, ஒவ்வொருவர் பாலிலும் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு, அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துச் சத்தமாகச் சொல்வாள். "இருபத்தொம்போது டிகிரி." "இருபத்திமூணு. தண்ணி இருக்குண்ணே." கெஞ்சினாலும் முறைத்தாலும் சொன்ன டிகிரி மாறாது. அதனாலேயே அவளுக்கு டிகிரி மேரி என்று பெயர் வந்தது. படித்தது பன்னிரண்டாவது வரைதான். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

குடியிருந்தது திண்டுக்கல் டவுனில், ஓட்டு வீட்டில். கணவன் சூசைராஜ் லாரி டிரைவர். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றித் தூத்துக்குடியில் இறக்குவான், அங்கிருந்து உப்பு ஏற்றி வருவான். வாரம் தவறாமல் கடற்கரைக்குப் போய்வருகிறவனின் மனைவி, முப்பது வயது தாண்டியும் கடலைப் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் மாதா கோயில் திருவிழாவுக்கு அவளையும் தூத்துக்குடிக்கு அழைத்துப் போனான். அவனுக்குப் பழக்கமான மீனவர் ஒருவர் இருவரையும் வள்ளத்தில் ஏற்றிக் கொஞ்ச தூரம் போய்க் காட்டினார். காற்று இல்லாத காலை. ஓரிடத்தில் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்க, ஜெயமேரி விளிம்பில் குனிந்து பார்த்தாள். கீழே பாறைகள் ஊதாவும் பழுப்புமாகப் பூத்திருந்தன. கொத்துக் கொத்தாய் எதுவோ அசைய, அதன் நடுவே விரல் நீளத்தில் ஆரஞ்சு நிற மீன்கள் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தன. வள்ளத்தைத் திருப்பும் வரை அவள் தலை நிமிரவில்லை.

ஊர் திரும்பும் வழியில், கோவில்பட்டி தாண்டியதும் சொன்னாள். "என்னாங்க, அத வீட்ல வைக்கணும்."

"எத?"

"அந்தப் பாறையவும் மீனையும்."

சூசைராஜ் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

திண்டுக்கல்லில் அலங்கார மீன் கடை வைத்திருந்தவர் முகமது பாரூக். ஜெயமேரி போய்க் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். "கோல்டு பிஷ் தாரேன், பைட்டர் தாரேன். கடல் மீனு மட்டும் கேக்காதீங்கம்மா. நானே மெட்ராஸ்ல இருந்து வரவழைச்சு வச்சுப் பாத்தேன். ஒண்ணுகூட தங்கல. நம்ம ஊரு வெயிலுக்கும் தண்ணிக்கும் அது ஆகாது. அதுக்கு மிஷினெல்லாம் வேணும், பணக்காரங்க வெளையாட்டு அது."

மிஷின் வாங்க வழியில்லை. ஆனால் கடல் தண்ணீர் சும்மா கிடைக்கும். சூசைராஜ் ஒவ்வொரு நடையிலும் கேன்களில் மொண்டு, உப்பு மூட்டைகளுக்கு இடையே சொருகிக் கொண்டுவந்தான். பாரூக்கின் கடையில் விரிசல் விட்டு மூலையில் கிடந்த பெரிய தொட்டியை வாங்கி, அவளே பசை வைத்து ஒட்டினாள். பாரூக்கையே வற்புறுத்தி, மெட்ராஸிலிருந்து நீல நிறக் கடல் மீன்கள் சில வரவழைத்து அதில் விட்டாள். அந்த வாரம் முடிவதற்குள் எல்லாம் செத்து மிதந்தன.

பாரூக் "நாந்தான் சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லை. செத்த மீன்களைச் செம்பருத்திச் செடியடியில் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவளுக்கு, தன்மேல்தான் ஆத்திரம் வந்தது. அளந்து பார்க்காமல் எதையும் வாங்காதவள், இதில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு குதித்திருந்தாள்.

அப்புறம் படிக்கத் தொடங்கினாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டரில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் போய் உட்கார்ந்தாள். எழுத்துக் கூட்டித்தான் இங்கிலீஷ் படிக்க முடிந்தது. மீன் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கிற கிருமிகள் தொட்டியில் முதலில் பெருக வேண்டும், அதற்கு முன்பு மீன் விட்டால் தன் கழிவிலேயே அது சாகும் என்று ஓரிடத்தில் இருந்தது. அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. பாலில் உறை ஊற்றாமல் தயிர் கேட்டால் எப்படி?

"அடுத்த நடைக்குத் தண்ணியோட ஈர மணலும் ஒரு சட்டி அள்ளிட்டு வாங்க. காயவிடாம கொண்டாங்க. அதான் உறை" என்றாள்.

"பவளப் பாறையும் ரெண்டு தூக்கிட்டு வரவா?" என்று கேட்டான் சூசைராஜ்.

"வேணாம். அத எடுக்கிறது குத்தம். எடுத்துட்டா அந்த எடம் மொட்டையாப் போயிரும். பாறைய நாம செய்வோம்."

செய்தாள். கோழித் தீவனக் கடையில் விற்கிற சிப்பித் தூள், சிமெண்டு, கணவன் லாரியில் சிந்திய கல் உப்பு மூன்றையும் பிசைந்து, ஈர மணலில் குழி பறித்துக் கொட்டி இறுகவிட்டாள். தண்ணீரில் போட்டதும் உப்புக் கரைந்து, பாறை முழுக்கப் பொத்தல் விழுந்தது. சிமெண்டின் காரம் போகும் வரை வாரக்கணக்கில் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தாள். "மேரி வீட்ல கல்லு ஊறுதாம்ல, எப்ப ஆட்டுவா?" என்று தெருவில் கேலி பேசினார்கள்.

வெளிச்சத்துக்கு விலை உயர்ந்த விளக்கு வாங்கவில்லை. கூரையில் சில ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்து, அதன் கீழே தொட்டியை வைத்தாள். வெயில் குறைந்த பிறகு டியூப் லைட். வெக்கைக்கு, தண்ணீர் மேல் காற்று படும்படி டேபிள் ஃபேன். ஃபேன் ஓட ஓடத் தண்ணீர் வற்றியது, உப்பு ஏறியது. அதை அளக்க அவள் கையில் ஏற்கெனவே கருவி இருந்தது. சொந்தமாக ஒரு லாக்டோமீட்டர் வாங்கி, சூசைராஜ் புதிதாகக் கொண்டுவந்த கடல் தண்ணீரில் மிதக்கவிட்டாள். இருபத்தைந்தில் நின்றது. தொட்டியில் அந்தக் கோட்டைத் தாண்டினால், பேட்டரிக் கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டரை ஊற்றிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள்.

இந்த முறை மீன் விட அவசரப்படவில்லை. மழைக்காலம் முடிந்து பனி விழத் தொடங்கும் வரை, கல்லும் மணலும் தண்ணீரும் மட்டுமே இருந்த தொட்டிக்கு விளக்குப் போட்டாள், அணைத்தாள். ஒருநாள் சிமெண்டுப் பாறையின் ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டைப் பார்த்தாள். சுரண்டினால் வரவில்லை. அடுத்தடுத்து இன்னும் பொட்டுகள். பொத்தல்களிலிருந்து நூல் போன்ற புழுக்கள் விசிறி விரித்தன. மணலோடு வந்தவை அவை. அதற்குப் பிறகு விட்ட மீன்கள் சாகவில்லை.

பாரூக்கை வீட்டுக்கு வரச் சொன்னாள். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். டீ ஆறிப்போனது. "கல்லு எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார்.

"பின்னாடி, கிணத்தடியில செஞ்சது பாய்."

அவர் ஒரு தடவை அவளைப் பார்த்துவிட்டு மறுபடி தொட்டியைப் பார்த்தார். "மெட்ராஸ்ல சொல்லி, அந்த ஆரஞ்சு மீனு ஒரு ஜோடி எடுத்துத் தாரேன். லாபம் வேணாம், வந்த வெலைக்கு."

மீனுக்கு வீடாக ஒரு கடல் சாமந்தி வேண்டியிருந்தது. பூப் போலவே இருக்கும், ஆனால் உயிருள்ள பிராணி. வள்ளத்தில் ஏற்றிய மீனவரின் வலையில் அப்படி ஒன்று சிக்கிவர, தூக்கி எறியப் போனதை சூசைராஜ் வாங்கிவந்தான். ஜெயமேரி அதற்கு இறால் துண்டு ஊட்டினாள். ஜோடி மீன் வந்த அன்று சாமந்தியின் பக்கம் போகவேயில்லை. சில நாள் கழித்து அவள் வேலையிலிருந்து வந்து பார்க்கையில், இரண்டும் அதன் நடுவே படுத்துப் புரண்டுகொண்டிருந்தன. அடுப்பைப் பற்றவைக்காமல் அங்கேயே நின்றுவிட்டாள்.

இரண்டாயிரத்து எட்டில் கரண்டு அடிக்கடி போனது. தொட்டிக்குள் காற்றுக் குமிழி விடுகிற சின்ன மோட்டார் நின்றுவிட்டால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன. இன்வெர்ட்டர் வாங்க முடியாது. சூசைராஜ் யோசித்து, பழைய லாரி டியூப் ஒன்றில் காற்றடித்து, வால்வில் மெல்லிய குழாயைப் பொருத்தி, காற்று சொட்டுச் சொட்டாக வெளியேறும்படி அதை நெருக்கிக் கட்டினான். குழாயின் மறுமுனை தொட்டிக்குள். கரண்டு வரும் வரை குமிழி வந்துகொண்டே இருந்தது.

"இம்புட்டு மூளைய வச்சுக்கிட்டா லாரி ஓட்டுறீங்க?" என்றாள் ஜெயமேரி. அன்று முழுக்க அவன் தரையில் நடக்கவில்லை.

அந்த வருஷமே ஆரஞ்சு மீன்கள் முட்டையிட்டன, சாமந்தியை ஒட்டி அவள் சாய்த்து வைத்திருந்த ஓட்டுச் சில்லில். ஆண் மீன் இரவு பகலாகத் துடுப்பால் விசிறியது. பொரிந்த குஞ்சுகள் தூசி அளவு. என்ன கொடுத்தாலும் தின்னவில்லை, இரண்டாம் நாள் ஒன்றும் மிஞ்சவில்லை. அடுத்த ஈடும் அப்படியே. அதற்கடுத்ததும். சொசைட்டியில் டிகிரி சொல்கிறபோது அவள் குரல் இறங்கிவிட்டது என்று ஆட்கள் கவனித்தார்கள்.

பதில் உப்பளத்திலிருந்து வந்தது. லோடு ஏற்றக் காத்திருந்தபோது சூசைராஜ் இதைப் பேச்சுவாக்கில் சொல்ல, அங்கே வேலை பார்த்த ஒரு அம்மா, "கடல் தண்ணிய மொத மொத தேக்குற பாத்தியில பாருங்க. பொடிப்பொடியா என்னமோ துள்ளும். மீன் குஞ்சு அதத் தின்னுதான் கொழுக்கும்" என்றார். கேன் நிறைய மொண்டு வந்தான். ஜெயமேரி அதைப் பால் வடிகட்டுகிற துணியில் வடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தாள். துணியே அசைவது போல இருந்தது. வெயிலில் பச்சை பிடிக்கவிட்ட தண்ணீரில் விட்டு, அவற்றைத் தொட்டி தொட்டியாகப் பெருக்கினாள்.

அடுத்த முட்டைகளை ஓட்டுச் சில்லோடு தனித் தொட்டிக்கு மாற்றி, பொரிந்ததும் அந்தப் பொடி உயிர்களை ஊற்றினாள். இரண்டாம் நாள் குஞ்சுகள் இருந்தன. மூன்றாம் நாளும் இருந்தன. நிறையச் செத்தன, ஆனால் எல்லாம் சாகவில்லை. பிழைத்தவற்றின் தலையில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்த அன்று சொசைட்டிக்கு லீவு சொல்லிவிட்டு, சூசைராஜுக்குப் பிடித்த கோழிக் குழம்பு வைத்தாள்.

குஞ்சுகள் விரல்நகம் அளவு வந்ததும் சிலவற்றைப் பாரூக்கின் கடைக்குக் கொண்டுபோனாள். அவர் அவற்றுக்கென்று முன்வரிசையில் ஒரு தொட்டியைத் தயாராக வைத்திருந்தார், அதுவும் அவள் சொன்ன முறைப்படி. அவள் இருக்கும்போதே பழனியிலிருந்து வந்த லாட்ஜ்காரர் ஒருவர் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, இது எந்தக் கடல்ல புடிச்சதுங்க?"

"எந்தக் கடல்லயும் புடிக்கல. இந்தா நிக்கிறாங்களே, இவங்க வீட்ல பொறந்தது. திண்டுக்கல் மீனு" என்றார் பாரூக்.

லாட்ஜ்காரர் உடனே இரண்டு கேட்டார். ஜெயமேரி தடுத்தாள். உறை மணல், சிமெண்டுப் பாறை, டிகிரி எல்லாம் விளக்கி, முதலில் தொட்டியைத் தயார் பண்ணிவிட்டு வாருங்கள் என்று வெறுங்கையோடு அனுப்பிவைத்தாள்.

"வந்த யாவாரத்த வெரட்டிட்டீங்களேம்மா" என்றார் பாரூக்.

"வருவாரு பாய்."

மாம்பழக் காலத்தில் போனவர் தீபாவளி நெருக்கத்தில் வந்தார். தன் தொட்டித் தண்ணீரையும், ஊதாப் பொட்டு விழுந்த ஒரு சிமெண்டுத் துண்டையும் டப்பாவில் கொண்டுவந்து காட்டினார். ஜெயமேரி துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். அவளே மீனைப் பிடித்துப் பையில் விட்டுக் கட்டிக் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போனாள். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு பழனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்து சீட்டுக்காரர் என்ன மீன் என்று கேட்பதும், அவர் பெருமையாகத் தூக்கிக் காட்டுவதும் வெளியே நின்ற ஜெயமேரிக்குத் தெரிந்தது.